மலைப்பக்கத்திலிருந்து அல்முன்யேகார்

ஸ்பெயினின் தென்கரையில், மாலகா நகருக்குக் கிழக்கே எழுபது கிலோமீட்டர் சொச்சத்தில், கிரனாடா மாகாணத்தின் குறுகிய கடலோரப் பட்டையில் இருக்கிறது அல்முன்யேகார். மேற்கே லா எரதூரா விரிகுடாவையும் சேர்த்து ஏறத்தாழ 27,000 பேர் வாழும் நகராட்சி. கோடையில் இந்தக் கணக்கு பல மடங்காகிவிடும். இந்த ஊரைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் கடற்பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். பினீசியர் கடல்வழி வந்தார்கள். உமையா இளவரசர் ஒருவர் கடல்வழி வந்து இறங்கினார். பிறகு கொள்ளையர், போர்க்கப்பல்கள், கடைசியில் வெயில் காயும் வடநாட்டார். வந்திறங்கியவர்களின் பட்டியலே ஊரின் வரலாறு என்று ஆகிவிட்டது. அந்தப் பட்டியலை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஊர் எப்போது செழித்தது, எப்போது சோர்ந்தது, இன்று ஏன் தவிக்கிறது என்று கேட்டால் அதில் பதில் கிடைக்காது. அதற்கு ஊருக்குப் பின்னால் நிற்கும் மலையையும், அங்கிருந்து இறங்கிவரும் தண்ணீரையும் மண்ணையும் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் நிலத்தின் அமைப்பு. சியெர்ரா நெவாதாவின் உச்சியான முலாசேன் 3,479 மீட்டர். ஐபீரியத் தீபகற்பத்திலேயே உயர்ந்த சிகரம். அங்கிருந்து கடல் நேர்கோட்டில் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. பனி மூடிய சிகரத்துக்கும் கடலுக்கும் இடையே அல்மிஹாரா போன்ற சிறிய மலைத்தொடர்கள் சுவர்போல நின்று வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை மறித்துவிடுகின்றன. கடற்கரைப் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழுவது அபூர்வம். ஐரோப்பாவில் வேறெங்கும் எளிதில் விளையாத பயிர்கள் இங்கே விளைவதற்கு இதுதான் காரணம். சுற்றுலாத் துறை இந்தக் கரைக்கு ‘கோஸ்தா ட்ரோப்பிகால்’, அதாவது வெப்பமண்டலக் கரை என்று பெயர் சூட்டியது.

விற்பனைக்கு நல்ல பெயர். வேளாண்மைக்கு ஏமாற்றும் பெயர். வெப்பமண்டலத்தில் வெயிலும் மழையும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். இங்கே அப்படியில்லை. ஆண்டுக்குக் கிடைக்கும் 450 மில்லிமீட்டர் அளவிலான மழை ஏறக்குறைய முழுவதும் அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் பெய்து முடிந்துவிடும். மரம் பூத்துக் காய்த்துத் தண்ணீருக்கு ஏங்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வானம் ஒரு சொட்டுகூடத் தராது. ஆக, இந்தக் கரையின் வேளாண்மை என்பது எல்லாக் காலத்திலும் குளிர்கால மழையையும் பனியையும் கோடைவரை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற ஒரே வேலைதான். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இருந்தபோது ஊர் வாழ்ந்தது.

மலை தண்ணீரை மட்டும் தரவில்லை, நிலத்தையே தந்திருக்கிறது. கடந்த நூற்றாண்டின் பின்பாதியில் ஜெர்மானிய, ஸ்பானிய ஆய்வாளர்கள் இந்தக் கரையோர ஆற்றுமுகங்களில் துளையிட்டு மண்ணடுக்குகளைச் சோதித்தார்கள். இன்று பழத்தோட்டம் அடர்ந்திருக்கும் சமவெளிகள் பினீசியர் காலத்தில் கடல் உள்நுழைந்த சிறு விரிகுடாக்கள் என்று தெரிந்தது. அன்றைய அல்முன்யேகார் இரு ஆற்றுமுகங்களுக்கு இடையே கடலுக்குள் நீண்டிருந்த மேடு. கிழக்கே உள்ள சாலோப்ரேன்யாவின் பாறைக்குன்றைச் சுற்றிலும் நீர்தான். பிறகு மலையிலிருந்து அடித்துவரப்பட்ட வண்டல், நூற்றாண்டு நூற்றாண்டாகப் படிந்து வயலாயிற்று. அந்த வண்டல் சும்மா வரவில்லை. மேலே காடு அழிந்ததால் வந்தது. இதற்குத் திரும்ப வருவேன்.

தொல்லியலாளர்களுக்கு இவ்வூர் ஒரு புதையல். கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ ஒரு கதை சொல்கிறார்: தீர் என்ற பினீசிய நகரத்தார் மேற்கே குடியேற இடம் தேடிப் புறப்பட்டு முதலில் இறங்கியது இங்கேதான், பலியிட்டுச் சகுனம் பார்த்தபோது சரியாக வரவில்லை, திரும்பிப் போய்விட்டார்கள். மூன்றாம் முறை வந்தபோதுதான் அட்லாண்டிக் பக்கம் காதிஸ் உருவாயிற்று. சகுனம் எப்படியோ, பினீசியர் இங்கே குடியமர்ந்து வளமாக வாழ்ந்தார்கள் என்பதற்குச் சான்று சான் கிறிஸ்தோபல் குன்றில் கிடைத்தது. 1960களின் தொடக்கத்தில் மனுவேல் பெல்லிசேர் அகழ்ந்த லவுரீத்தா இடுகாட்டில் இருபது கல்லறைகள்; எரித்த எலும்புகளை வைத்திருந்த பளிங்குக் கலயங்கள் எகிப்திலிருந்து வந்தவை. சிலவற்றில் 22ஆம் அரச மரபைச் சேர்ந்த பாரோக்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அரண்மனைப் பொருளாக இருந்திருக்க வேண்டிய கலயம், மத்தியதரைக் கடலின் மறுகோடியில் ஒரு வணிகரின் சாம்பலைத் தாங்கியிருக்கிறது. அது எத்தனை கை மாறி இங்கே வந்து சேர்ந்தது என்பது தனி ஆய்வு.

செக்சி என்று அப்போது வழங்கிய இவ்வூரின் செல்வம் மீன். சூரை மீன் கூட்டம் கூட்டமாக வலசை வரும் பாதையில் இருக்கும் கரை இது. ஊர் வெளியிட்ட நாணயத்தின் ஒரு பக்கம் மெல்கார்ட் தெய்வம், மறுபக்கம் சூரை மீன். எல் மஹுவேலோ பூங்காவுக்குள் இன்றும் காணக்கிடைக்கும் தொட்டிகள் மீன் உப்பிட்டுப் பதப்படுத்திய தொழிற்கூடத்தின் எச்சம். மீனையும் அதன் குடலையும் உப்போடு அடுக்கி வெயிலில் மாதக்கணக்கில் ஊறவிட்டு வடிப்பதுதான் கரூம் என்ற மீன்சாறு. ரோமானியச் சமையலில் அது இல்லாத பதார்த்தம் குறைவு. இந்த ஊரின் உப்புமீனுக்கு ஊர்ப் பெயரே வணிகப் பெயராக இருந்ததை ஸ்ட்ராபோவும் குறிக்கிறார்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஓர் இடைச்செருகல். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரை ஜாடிகளை ஆராய்ந்தவர்கள், மதுஜாடிகளுக்கு நடுவே ஸ்பெயினின் தென்பகுதியைச் சேர்ந்த மீன்சாறு ஜாடிகளையும் அடையாளம் கண்டிருக்கிறார்கள். செக்சியிலிருந்துதான் வந்தது என்று சொல்ல ஆதாரம் ஏதுமில்லை. ஆனாலும் கருவாடு காயும் கரைக்கு, அவ்வளவு தொலைவிலிருந்து ஊறிய மீனின் சாறு வந்து இறங்கியது என்பது வரலாற்றின் சின்னக் குறும்பு.

உப்பும் மீனும் கடல் தந்தது சரி. பெருகும் ஊருக்கும் தொழிலுக்கும் நன்னீர் வேண்டுமே. ரோமானியர் கி.பி. முதலாம் நூற்றாண்டில் ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நீர்வழி கட்டினார்கள். பள்ளத்தாக்குகளைக் கடக்கும் இடங்களில் கல்வளைவுகள் இன்னும் நிற்கின்றன. அதன் சில பகுதிகள் நம் காலம்வரை தோட்டங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோயின. அருங்காட்சியகத்துப் பளிங்குக் கலயங்களைவிட இந்த வாய்க்கால்தான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. கலயத்தால் ஊருக்குக் கிடைப்பது பெருமை, வாய்க்காலால் கிடைத்தது கோடைப்பயிர்.

755இல் டமாஸ்கசிலிருந்து உயிர்தப்பி ஓடிவந்த உமையா இளவரசர் முதலாம் அப்துர் ரஹ்மான் கரையிறங்கியது இந்த ஊரில். அடுத்த ஆண்டே கொர்தோபாவைப் பிடித்து ஓர் அரசை நிறுவினார். ஊரில் அவருக்குச் சிலை உண்டு. சுற்றுலா வழிகாட்டிகள் அங்கே நிறுத்திக் கதை சொல்வார்கள். அரசியல் வரலாற்றில் அது பெரிய நாள்தான். ஆனால் அவரோடும் அவருக்குப் பின்னும் வந்த, பெயர் பதியாத உழவர்களும் வாய்க்கால் வெட்டிகளும் செய்த வேலை அவருடைய அரசைவிட நெடுநாள் நீடித்தது.

அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சியெர்ரா நெவாதாவின் தென்சரிவான அல்புஹார்ராவில் ‘கரேயோ வாய்க்கால்’ என்றொரு முறை இருக்கிறது. வசந்தத்தில் பனி உருகிப் பெருக்கெடுக்கும்போது அந்நீரை ஆற்றோடு போகவிடாமல், உயரத்திலேயே மண்வாய்க்கால்களில் திருப்பிவிடுவார்கள். வாய்க்கால் வயலுக்குப் போகாது. நீர் எளிதில் இறங்கும் பாறை விரிசலும் சரளையும் உள்ள இடங்களாகப் பார்த்து அதை மலைக்குள்ளேயே கசியவிடும். அது மெல்ல மெல்ல ஊர்ந்து, வாரங்கள் மாதங்கள் கழித்து, கீழே ஊற்றாகக் கிளம்பும்; அப்போது கோடை வந்திருக்கும். அணை இல்லை, சிமெண்ட் இல்லை, ஆவியாகி வீணாவதும் இல்லை. மலையே நீர்த்தேக்கம். வாய்க்காலைப் பேண ஊர்ப்பொதுவில் ஒரு காவலர், பங்கீட்டுக்கு முறை, தகராறுக்குப் பஞ்சாயம் என்று ஒரு சமூகமே இதன்மேல் நின்றது.

1489இல் அல்முன்யேகார் கத்தோலிக்க மன்னர்களிடம் சரணடைந்தது. கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்களான மொரிஸ்கோக்கள் 1568இல் தொடங்கிய கிளர்ச்சி அடக்கப்பட்டபின் கிரனாடாவின் மொரிஸ்கோக்கள் உள்நாட்டுக்குப் பெயர்த்து அனுப்பப்பட்டார்கள். 1609 முதல் ஸ்பெயினைவிட்டே துரத்தப்பட்டார்கள். வடக்கிலிருந்து புதுக்குடிகள் வந்தன. பல வாய்க்கால்கள் தொடர்ந்து ஓடின என்பதே ஆச்சரியம். ஆனால் 20ஆம் நூற்றாண்டில் மலையூர்கள் காலியாகத் தொடங்கியபோது அவை தூர்ந்துபோயின. ஆள் இல்லாமல் மண்வாய்க்கால் இல்லை. 2014 முதல் கிரனாடா பல்கலைக்கழகத்தின் மெமோலேப் குழு, ஊர்க்காரர்களையும் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கி, தூர்ந்த வாய்க்கால்களை மீட்டுவருகிறது. முதலில் மீண்டது காஞ்ஞார் ஊரின் பார்ஹாஸ் வாய்க்கால். தொல்லியல் துறையினர் தொடங்கிய வேலை என்பதைக் கவனிக்க வேண்டும்; நீர்ப்பாசனத் துறைக்கு இது தோன்றவில்லை.

இனி கரும்பு. அரபியர் கையோடு வந்த பயிர் இது; 10ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தென்கரையில் ஊன்றிவிட்டது. மோத்ரீல், சாலோப்ரேன்யா, அல்முன்யேகார் மூன்றும் ஆயிரம் ஆண்டு கரும்பைத் தின்று வாழ்ந்தவை. இந்தியாவில் காய்ச்சக் கற்ற சர்க்கரை பாரசீகம், எகிப்து வழியாக மேற்கே நகர்ந்து ஐரோப்பிய நிலத்தில் தொட்ட கடைசிக் கரைகளில் இதுவும் ஒன்று. மத்தியதரைக் கரைகளிலிருந்து அட்லாண்டிக் தீவுகளுக்கும், 1493இல் கொலம்பசின் இரண்டாம் பயணத்தோடு அமெரிக்காவுக்கும் கரும்பு போனது. போன இடத்தில் அடிமைகளின் உழைப்பில் மலிவாக விளைந்து, பிறந்தகத்துச் சர்க்கரையின் விலையைச் சாய்த்தது.

கரும்பாலைக்குச் சாறு பிழிய மாடு போதும். காய்ச்ச விறகு வேண்டும். பின்மலைகளின் காடு நூற்றாண்டுக்கணக்கில் அடுப்புக்குப் போனது. மொட்டையான சரிவிலிருந்து மழை மண்ணை அரித்துக் கொண்டுவந்தது. மேலே மலை தேயத் தேயக் கீழே சமவெளி வளர்ந்தது. அதில் மேலும் கரும்பு நடப்பட்டது. கொடுமையான சுழல்தான், ஆனால் கணக்குப்படி லாபமாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் நீராவி ஆலைகள் வந்தன. மாலகாவின் லாரியோஸ் குடும்பம் போன்ற முதலாளிகள் கரையெங்கும் ஆலை கட்டினார்கள். 1882இல் கிரனாடா நகர்ப்புறச் சமவெளியிலேயே பீட்ரூட் சர்க்கரை ஆலை ஒன்று புகைவிடத் தொடங்கியது. வீட்டுக்குள்ளேயே முளைத்த போட்டி. அப்படியும் கரும்பு இன்னொரு நூறு ஆண்டு தாக்குப்பிடித்தது. கடைசியில் கூலி உயர்ந்தது, நிலத்தின் விலை அதைவிட உயர்ந்தது, ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரைக் கொள்கையை மாற்றியது. 2006இல் சாலோப்ரேன்யாவின் லா கலேத்தா ஆலை கடைசிக் கரும்பைப் பிழிந்துவிட்டு மூடப்பட்டது. ஐரோப்பியக் கண்டத்தின் கரும்புச் சர்க்கரை அத்தோடு முடிந்தது. மோத்ரீலில் 1963இல் தொடங்கிய ஒரு ரம் வடிசாலை மட்டும் அந்த நினைவைப் புட்டியில் விற்கிறது.

கரும்புக்காலத்து ஊரை வெளியிலிருந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் ஆங்கில எழுத்தாளர் லாரி லீ. ஒரு வயலினோடு ஸ்பெயினைக் கால்நடையாகக் கடந்துவந்த இளைஞர் 1935–36 குளிர்காலத்தை அல்முன்யேகாரில் ஓட்டல் வேலை பார்த்துக் கழித்தார். 1936 ஜூலையில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல் அவரை ஏற்றிச்சென்றது. 1969இல் வெளியான நூலில் ஊரின் பெயரை மாற்றிவைத்து அதன் வறுமையையும் கொந்தளிப்பையும் எழுதினார். மீனையும் கரும்பையும் விட்டால் வேறு கதியில்லாத ஊர், இரண்டிலும் உழைப்பவனுக்கு மிஞ்சுவது சொற்பம் என்ற சித்திரம் அதில் கிடைக்கிறது. ஊர் பின்னாளில் அவருக்கு நினைவுச்சின்னம் வைத்தது. சுற்றுலாவுக்கு முந்தைய தன் முகத்தைப் பார்க்க ஊருக்கே இன்று ஒரு வெளியூர்க்காரரின் புத்தகம் தேவைப்படுகிறது.

சுற்றுலாவைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை; மத்தியதரைக் கரை முழுவதற்கும் அது ஒரே கதை. 1959இன் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப்பின் பிராங்கோ அரசு கதவைத் திறந்தது, மாலகா விமானநிலையம் வழியாகக் கூட்டம் வந்தது, தொர்ரேமோலீனோசும் மார்பேயாவும் சிமெண்டுக் காடுகளாயின. அல்முன்யேகாரும் கடற்கரையோரம் அடுக்குமாடிகளை எழுப்பிக்கொண்டது, ஆனால் மேற்கே நடந்த அளவுக்கு விழுங்கப்படவில்லை. அதற்கும் மலையே காரணம். செங்குத்தான பாறைகள் கடல்வரை இறங்குவதால் சாலை வளைந்து வளைந்துதான் வரும். மோட்டார் சாலை இந்த நூற்றாண்டில்தான் எட்டியது. கடற்கரையும் பொன்மணல் அல்ல, கருமணலும் கூழாங்கல்லும். வந்தவர்களில் சிலர் மட்டும் நிரந்தரத் தடம் பதித்தார்கள். கிதார் மேதை ஆந்த்ரேஸ் செகோவியா லா எரதூராவில் வீடு கட்டிக்கொண்டார்; அவர் பெயரில் அங்கே கிதார் போட்டி நடக்கிறது. பழைய மீன்தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே எல் மஹுவேலோ பூங்காவில் கோடைதோறும் ஜாஸ் விழா.  

கரும்பு விட்ட இடத்தைப் பிடித்தது பழம். முதலில் சிரிமோயா. நம் சீத்தாப்பழத்தின் இனத்தைச் சேர்ந்தது. தோலில் கண்கண்ணாகப் புடைப்பு இல்லாமல் விரல் பதிந்த களிமண்போல் இருக்கும், உள்ளே சதை வெண்ணெய். ஆண்டீஸ் மலை இதன் தாயகம் என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். 2017இல் வெளியான மரபணு ஆய்வு மத்திய அமெரிக்காவைக் காட்டியது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினுக்கு வந்து, வீட்டுத்தோட்டத்து மரமாக இருந்து, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வணிகப்பயிரானது. ரியோ வெர்தே ஆறு இறங்கும் பள்ளத்தாக்கில் அல்முன்யேகாருக்கு மேலே ஹேத்தே என்றொரு சிற்றூர். அங்கே உழவர்கள் பொறுக்கியெடுத்த ‘ஃபீனோ தே ஹேத்தே’ ரகம்தான் இன்று இந்தக் கரைத் தோப்புகளில் மிகப் பெரும்பான்மை. சிரிமோயா விளைச்சலில் உலகில் முதலிடம் ஸ்பெயினுக்கு. அதில் ஏறக்குறைய முழுவதும் கிரனாடா–மாலகாக் கரையின் 3,000 ஹெக்டேர் அளவிலான தோப்புகளிலிருந்து வருகிறது. புவிசார் பாதுகாப்புப் பெயரும் பெற்றிருக்கிறது.

இந்த மரத்துக்கு ஒரு சிக்கல். பூ முதலில் பெண். மறுநாள் மாலைதான் அது ஆணாகி மகரந்தம் உதிர்க்கும். தன் பூவில் தானே சேர வழியில்லை. அமெரிக்கத் தாயகத்தில் சிறு வண்டுகள் ஒரு பூவிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். இங்கே அந்த வேலைக்குப் போதுமான வண்டு இல்லை. ஆகவே மனிதர் வண்டாகிறார்கள். கோடை மாலையில் ஆணாகிவிட்ட பூக்களைப் பறித்து உதறி மகரந்தத்தைச் சின்னப் பெட்டியில் சேர்த்துவைத்து, காலையில் மெல்லிய தூரிகையாலோ ரப்பர் ஊதியாலோ பெண்நிலைப் பூவுக்குள் ஒவ்வொன்றாகச் செலுத்துகிறார்கள். சரியாகச் சேராவிட்டால் பழம் ஒருபக்கம் வீங்கி ஒருபக்கம் சூம்பிப்போகும். எந்தப் பூவுக்கு எப்போது கைகொடுப்பது என்பதைக் கொண்டு அறுவடையையும் முன்பின்னாக நகர்த்தலாம். தோப்புக்காரரின் கைத்திறன் பழத்தின் வடிவிலேயே தெரிந்துவிடும் பயிர்கள் அதிகமில்லை.

1961இல் ஜெர்மானியக் கூட்டுறவோடு மாலகாக் கரையில் தொடங்கிய லா மயோரா ஆய்வு நிலையம் சிரிமோயாவின் மிகப் பெரிய மரபுவளத் தொகுப்புகளில் ஒன்றைக் காத்துவருகிறது. இருந்தும் சிரிமோயா பின்வாங்குகிறது. பறித்துச் சில நாட்களில் கனிந்து கருத்துவிடும். குளிரூட்டினால் தோல் கறுக்கும். ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் லாரியில் போய்க் கடைத்தட்டில் காத்திருக்கும் குணம் அதற்கு இல்லை. பெரும்பகுதி ஸ்பெயினுக்குள்ளேயே தின்று தீர்கிறது.

அவகாடோ நேர்மாறு. மரத்தில் இருக்கும்வரை கனியாது. விலை ஏறும்வரை கிளையிலேயே விட்டுவைக்கலாம். பறித்தபின்னும் கப்பலையும் லாரியையும் தாங்கும். வட ஐரோப்பா அதற்கு என்ன விலையும் கொடுத்தது. 1970களிலிருந்து பரவிய அவகாடோ, வேலெஸ்-மாலகாவை மையமாகக் கொண்ட அக்சர்க்கியா மலைச்சரிவுகளையும் கிரனாடாக் கரையையும் பிடித்தது. கூடவே ஆஸ்டீன் ரக மாம்பழம். பழைய உழவர்கள் பாதாமும் திராட்சையும் வைத்திருந்த, மழையே போதுமென்றிருந்த மேட்டுநிலங்களைக்கூட இயந்திரம் வைத்துப் படிப்படியாக வெட்டி, பம்பு வைத்து நீரேற்றிக் கன்று நட்டார்கள்.

கணக்கு எளிது. ஒரு ஹெக்டேர் அவகாடோவுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 முதல் 8,000 கனமீட்டர் பாசனநீர் தேவை. 450 மில்லிமீட்டர் மழை என்றால் ஹெக்டேருக்கு 4,500 கனமீட்டர். அதுவும் வேண்டாத மாதங்களில். மீதியை யாராவது எங்கிருந்தாவது தந்தாக வேண்டும். அக்சர்க்கியாவுக்கு லா வின்யுவேலா அணை இருந்தது. முழுக் கொள்ளளவு 16 கோடி கனமீட்டருக்குமேல், நம் கணக்கில் 6 டி.எம்.சி.யை ஒட்டி. தொடர் வறட்சியில் 2024 தொடக்கத்தில் அது எட்டு சதவீதத்துக்கும் கீழே போனது. பாசனம் நிறுத்தப்பட்டது, நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த மரங்களை வெட்டி அடிமரத்துக்கு வெள்ளை பூசி உயிரை மட்டும் காத்தார்கள். அனுமதியில்லாத கிணறுகளைத் தேடிக் காவல் துறை வந்தது. 2025 மார்ச் மழை நீர்மட்டத்தை மீட்டுத் தந்தது. மழை வந்தவுடன் மறுபடி கன்று நடும் பேச்சும் வந்துவிட்டது.

அல்முன்யேகாரின் கதை வேறு விதம். அதன் சொந்த ஆறு ரியோ வெர்தே சிறியது. தோப்புகளும் அடுக்குமாடிகளும் அதன் நிலத்தடி நீரையே இறைத்தன. நன்னீர் இறங்க இறங்கக் கடல்நீர் உள்ளே ஏறியது. 2023இல் ஊர்க் குழாய்த் தண்ணீரே உப்பேறிக் குடிக்கத் தகாததாகப் போனது. அவகாடோவோ உப்பை அறவே தாங்காத மரம்; இலை நுனியிலிருந்து கருகும். அதே வேளையில் சில மைல் கிழக்கே, சியெர்ரா நெவாதாவின் பனிநீரை ஏந்தும் குவாதல்ஃபேயோ ஆற்றில், 2004இல் திறந்த ரூலெஸ் அணை நிற்கிறது. கொள்ளளவு 11 கோடி கனமீட்டர், ஏறத்தாழ 4 டி.எம்.சி. அணையைக் கட்டியவர்கள் அதிலிருந்து வயல்களுக்குப் போகும் பாசனக் குழாய்களைக் கட்டவில்லை. இருபது ஆண்டுகளாக இழுபறி. அணையும் குழாயும் மத்திய அரசின் பொறுப்பு, ஆற்றுப்படுகை நிர்வாகம் அந்தலூசிய மாநில அரசிடம், செலவில் எத்தனை பங்கு யாருடையது என்பதில் பாசனச் சங்கங்களோடு தீராத பேச்சு. கட்சிகள் மாறி மாறி ஆண்டன. ஒவ்வொரு தேர்தலிலும் குழாய் வரைபடம் மட்டும் வந்தது. குழாய்த் தொடரின் சில துண்டுகளில் வேலை அண்மையில்தான் தொடங்கியிருக்கிறது.

தீர்வாக முன்வைக்கப்படுபவை பல. கழிவுநீரை மூன்றாம் கட்டம்வரை சுத்திகரித்துத் தோப்புக்குத் தருவது வேலெஸ்-மாலகாவில் வறட்சிக் காலத்தில் உண்மையாகவே மரங்களைக் காத்தது. கோடையில் விருந்தினர் பெருகும்போது கழிவுநீரும் பெருகும் என்பதால் கால ஒற்றுமையும் இருக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எந்த வறட்சியிலும் கைவிடாது. ஆனால் மின்செலவு விழுங்கிய தண்ணீரில் விளையும் பழம் சந்தையில் நிற்குமா என்பது ஐயம். ரூலெஸ் குழாய் வந்தே தீர வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. என் அச்சம் அதற்கு அடுத்த நாளைப் பற்றியது. லா வின்யுவேலா அணை வந்தபின் அக்சர்க்கியாவில் என்ன நடந்ததோ, அதுவே இங்கும் நடக்கும்: வந்த தண்ணீரின் அளவுக்குத் தோப்பை வைக்காமல், தோப்பின் ஆசைக்குத் தண்ணீரைக் கேட்பார்கள். குழாயோடு சேர்த்துப் புதுநடவுக்கு ஓர் எல்லைக்கோடும் போடாவிட்டால் இன்னொரு இருபது ஆண்டில் இதே கட்டுரையை வேறொருவர் எழுத வேண்டியிருக்கும். சிரிமோயாவைக் கைவிடாத ஹேத்தே, ஓத்தீவார் பக்கத்துச் சிறு தோப்புக்காரர்களுக்கு முதல் பங்கு தரலாம். பள்ளத்தாக்கின் அடியில் பழைய வாய்க்கால் எட்டும் நிலத்தில் நிற்கும் மரம் அது, மேட்டுக்குப் பம்பு கேட்பதில்லை.

ரூலெஸ் விவாதத்தில் ஒரு விஷயம் போதுமான அளவு பேசப்படவில்லை. அணை தண்ணீரை மட்டும் நிறுத்துவதில்லை, மண்ணையும் நிறுத்துகிறது. குவாதல்ஃபேயோ கொண்டுவந்த வண்டலும் சரளையும் மணலும்தான் சாலோப்ரேன்யாவுக்கும் மோத்ரீலுக்கும் இடையே கழிமுகத்தை வளர்த்தன. அங்குள்ள பிளாயா கிரனாடா போன்ற கடற்கரைகள் அந்த மண்ணால் ஆனவை. 2004க்குப்பின் அந்த வரத்து நின்றது. கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்து அளந்து காட்டியபடி கரை உள்வாங்கிக்கொண்டே இருக்கிறது. புயல் அடித்த ஒவ்வொரு குளிர்காலத்துக்குப் பின்னும் லாரிகளில் மணல் கொண்டுவந்து கொட்டிக் கோடைக்குத் தயார்ப்படுத்த வேண்டியிருக்கிறது. தோப்புக்காரர்கள் அணையிலிருந்து இன்னும் முழுப் பங்கைப் பெறவில்லை. ஓட்டல்காரர்கள் அதற்கான விலையைக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பாசனச் சங்கமும் ஓட்டல் சங்கமும் ஒரே மேசையில் உட்காரும் வழக்கம் இந்தக் கரையில் இல்லை. குழாய்க்கான செலவுக் கணக்கில் மணலுக்கான செலவையும் எழுதினால் உட்கார்ந்தே ஆக வேண்டியிருக்கும்.